பாட்டின் சொந்தக்காரன்

அன்று பகல் மூன்று மணிக்கு மெஸ் அறையில் இருந்தவர்கள்: கேப்டன், துருக்கிக்காரர். சீஃப் இன்ஜினியர், ஜார்ஜியா நாட்டுக்காரர். குக், பிலிப்பைன்ஸ்காரர். இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் பேச்சிராஜா, வேம்பார். டெக்கில் வேலை பார்க்கும் அமலன், தூத்துக்குடி. ஆக ஐந்து பேர். கப்பலில் இருந்ததே அந்த ஐந்து பேர்தான்.

கேப்டன் இந்தப் பட்டியலை லாக் புத்தகத்தில் எழுதி முடித்தார். பிறகு பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒருவர் இறங்கலாம். நாளைக் காலை பத்து மணிக்குப் படகு வருகிறது."

இது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நாலு மைல் வெளியே, நங்கூரம் போட்ட இடத்திலேயே அந்தக் கப்பல் பதினோரு மாதமாகக் கிடக்கிறது. முதலாளி கைவிட்டுவிட்டார். வழக்கு நடக்கிறது. அது முடிகிறவரை கப்பல் நகரக் கூடாது, ஆள் இல்லாமலும் இருக்கக் கூடாது. இதுவரை ஐந்து பேர் இருக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது நாலு பேர் போதும் என்று உத்தரவு வந்திருக்கிறது.

அமலனுக்கு ஊர் கண்ணுக்குத் தெரியும். அதுதான் அவனுடைய தனிக் கொடுமை. அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளை அவன் தினமும் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பான். அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ மில்லர்புரத்தில் அவன் மனைவி ஜெமிமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நர்ஸ். பதினெட்டாம் தேதி அயர்லாந்துக்கு விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். கல்யாணம் முடிந்து பதினாறு மாதத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது நாற்பத்தொரு நாள். இன்று தேதி பதினாலு.

"நியாயமாகப் பார்த்தால் குக் போக வேண்டும்" என்றார் கேப்டன். "இருபது மாதமாகக் கப்பலில் இருக்கிறார். ஆனால் லாகில் ஒன்று எழுதியிருக்கிறது."

எல்லோருக்கும் அதுவும் தெரியும்.

லாக் புத்தகத்தில் அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். அடித்த வரியும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஓடுகிற கப்பலில் எழுத எவ்வளவோ உண்டு. நங்கூரத்தில் கிடக்கிற கப்பலில் என்னத்தை எழுதுவது? காற்று தென்மேற்கு. நங்கூரம் பிடித்திருக்கிறது. மறுநாளும் காற்று தென்மேற்கு. கேப்டன் ஒழுங்குக்காரர், வெற்றுப் பக்கத்தை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் மெஸ்ஸில் நடந்த பாட்டுச் சண்டையை எழுத ஆரம்பித்தார்.

சண்டை தொடங்கியது குக்கால். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு மெட்டை முனகினார். காபி எடுக்க வந்த கேப்டன் நின்றுவிட்டார்.

"எங்கள் நாட்டுப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் நாட்டுப் பாட்டா? இது எங்கள் ஊர்ப் பாட்டு."

உலகம் முழுக்க அது ஆங்கிலப் பாட்டு என்றுதான் பேர். அறுபதுகளின் கடைசியில் ஒரு பெண் பாடினாள். படகுத்துறையில் நிற்கிறாள், காதலன் வரவில்லை, பரவாயில்லை, நாளைய படகில் வருவான் என்கிறாள். இவ்வளவுதான் பாட்டு. மூன்று நிமிடம்கூட வராது. ஆனால் அதை எடுக்காத ஊர் இல்லை. துருக்கியில் காதலனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கேப்டனின் அப்பா தன் டாக்சியில் அதை நாள் முழுக்க ஓடவிடுவாராம். ஜார்ஜியாவில் ஓட்டல் வாத்தியக்காரர்கள் வேகத்தைக் கூட்டி ஆட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் படகு ஆற்றில் போகிறது. பிலிப்பைன்ஸ் பாட்டில் கடைசிச் சரணத்தில் அவளுக்குப் பசிக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கிறாள். குக் அந்த இடத்தில் மட்டும் குரலை இறக்கிப் பாடுவார். வேம்பார்ப் பக்கத்து இன்னிசைக் கச்சேரியில் அதே மெட்டுக்குத் தவில் சேர்த்து, காதலனையும் படகில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்று பேச்சிராஜா சொன்னான். "எங்க ஊர்ல நாளைக்கி வாரேன்னு சொன்னா எவனும் காசு தர மாட்டான்" என்றான்.

அமலனுக்கு அது கோயில் பாட்டு. 'அக்கரை சேர்க்கும் ஆண்டவரே.' கடலுக்குப் போகிறவர்களுக்காக வைக்கும் பூசையில் பாடுவார்கள். அதில் காத்திருப்பது ஆன்மா, வரப்போகிறவர் ஆண்டவர்.

எல்லாப் பாட்டிலும் ஆள் கரையில்தான் நிற்கிறாள். கப்பலில் கிடக்கிறவனுக்கு ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. இன்ஜினியர் ஒருமுறை இதைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏழாம் மாதம், மற்ற ஆறு பேரும் இறங்கிப் போய் ஐந்து பேர் மிஞ்சிய வாரம், சண்டை முற்றி கேப்டன் லாகில் எழுதினார்: 'இந்தப் பாட்டை முதலில் வைத்திருந்த ஊர் எது என்று நிரூபிப்பவருக்கு, அடுத்து இறங்கும் வாய்ப்பு.' ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். வாய்ப்பு ஒன்று வரும் என்று அப்போது யார் நினைத்தது?

"ஐந்து பேரும் ஒப்புக்கொண்டால் இதன்மேல் கோடு போட்டுவிடலாம்" என்றார் கேப்டன். "நான் சம்மதம்."

இன்ஜினியர் தலையாட்டினார். பேச்சிராஜா தோளைக் குலுக்கினான். குக் கழுவாத கையோடு சுவரோரம் நின்றார். அவர் கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எழுதினது எழுதினதுதானே கேப்டன்" என்றான் அமலன்.

அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவனுக்கே அது வியப்பாக இருந்தது.

கேப்டன் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. ஆதாரத்தைக் காட்டுங்கள்."

கேப்டனிடம் இருந்தது எழுபத்தொன்றாம் வருடத்து இசைத்தட்டு ஒன்றின் படம். இன்ஜினியரிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. தன் சித்தப்பா அறுபத்தொன்பதில் அதற்கு ஆடியபோது கால் முறிந்தது என்றார். பேச்சிராஜா கையை விரித்தான். குக் தன் போனை மேசைமேல் வைத்தார். பழைய இசைத்தட்டின் உறை, மூலையில் சின்ன எழுத்தில் 1967. ஆங்கிலப் பாட்டே அறுபத்தெட்டில்தான் வந்தது. கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். இன்ஜினியர் மெல்லக் கை தட்டினார்.

குக் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று அமலன் போனை எடுத்தான்.

அது அன்று காலை எட்டரை மணிக்கு வந்த படம். கப்பலின் முன்நுனியில், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றால் ஊரின் சிக்னல் இரண்டு கோடு காட்டும். அங்கே நின்றுதான் அவன் ஜெமிமாவைக் கூப்பிட்டிருந்தான்.

"ஏளா, அப்பாவோட பாட்டுப் புஸ்தகம் எங்கன இருக்கு?"

"இப்ப அதுக்கு என்ன? இங்கன வீடே பெட்டியாக் கெடக்கு. முப்பது கிலோதான் விடுவானாம், மிளகாப்பொடியே மூணு கிலோ இருக்கு."

"பச்சை அட்டை. பீரோ மேல பாரு."

கொஞ்ச நேரம் எதையெதையோ தள்ளும் சத்தம். "இருக்கு. கரையான் தின்னது போக மிச்சம் இருக்கு."

"முதப் பக்கத்தையும் இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு."

"இருநூத்திப் பன்னெண்டு... மாமா எழுதுன பாட்டுல்லா? பக்கத்துக்கு மேல 'இணைப்பு'ன்னு போட்டிருக்கே, எந்த வருசம் சேத்ததுன்னும் போட்டிருக்கு. அதையும் சேத்து எடுக்கவா?"

"வேண்டாம். அது தெரியாண்டாம். பாட்டு மட்டும் விழுந்தாப் போதும்."



"என்னத்துக்குங்க இது?"

"இறங்கறதுக்கு."

"அப்பச் சரி" என்றாள் ஜெமிமா. "பதினெட்டுக்குள்ள வந்துருவியளா?"

முதல் பக்கத்தில் அச்சிட ஆயர் கொடுத்த அனுமதி இருந்தது. கீழே 1954. அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பதிப்பிலும் அப்படியே போடுவார்கள், வருடத்தை மாற்ற மாட்டார்கள். எண்பத்துநாலில் மறுபடி அச்சடித்தபோது கடைசியில் முப்பது பாட்டை இணைத்தார்கள். அதில் ஒன்றுதான் 'அக்கரை சேர்க்கும் ஆண்டவரே'. அமலனின் அப்பா பேர் ஜாக்சன். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவை நடத்தினார். கொழும்பிலிருந்து வந்த ஒரு கேசட்டில் அந்த மெட்டைக் கேட்டு, கிரேனுக்குள் உட்கார்ந்தபடியே வார்த்தை எழுதினார். புத்தகத்தில் எழுதியவர் பேர் போடும் வழக்கம் இல்லை. அதனால் அவர் சாகும்வரை கண்டவரிடமெல்லாம் "அது நான் எழுதுனது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் சிரித்தார்கள்.

கேப்டன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எண் புரிந்தது, எழுத்து புரியவில்லை. போனைப் பேச்சிராஜாவிடம் நீட்டினார்.

"நீ படி. இது அந்தப் பாட்டுதானா? அந்த வருடம்தானா?"

அமலன் பேச்சிராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த உப்புக் குப்பியைப் பார்த்தான். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், துருப்பிடித்த கம்பியைச் சுரண்டிக்கொண்டே, அப்பா கிரேனுக்குள் உட்கார்ந்து பாட்டு எழுதிய கதையை இதே பேச்சிராஜாவிடம்தான் அவன் சொல்லியிருந்தான். பெருமையாகவே சொல்லியிருந்தான்.

பேச்சிராஜா நிதானமாகப் படித்தான். முழுப் பாட்டையும் படித்தான், வாய் அசைந்தது.

"அந்தப் பாட்டுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலு" என்றான்.

"காதல் பாட்டு கோயிலிலிருந்து வந்ததா?" என்றார் இன்ஜினியர். "எனக்கு நம்பிக்கை இல்லை."

அதற்குப் பதில் சொன்னவர் குக்தான். அவர் போனை வாங்கி ஆயரின் முத்திரையைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆயர் கையெழுத்துப் போட்ட புத்தகம். இதில் பொய் இருக்காது. எங்கள் ஊரில் யாரோ இதைக் கோயிலில் கேட்டுத்தான் எடுத்திருப்பார்கள்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவன்தான் போக வேண்டும்."

கேப்டன் எழுதத் தொடங்கினார். பாதியில் நிமிர்ந்தார். "பாட்டை எழுதியவர் பெயர்?"

"தெரியாது" என்றான் அமலன். "பழைய பாட்டு. யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது."

கேப்டன் அப்படியே எழுதி, புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினார். அமலன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்குப் பேச்சிராஜா போட்டான்.

வெளியே டெக்கில் வெயில் தீயாக இருந்தது. பேச்சிராஜா கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தான். அமலன் எதிரில் நின்றான்.

"அண்ணே."

"என்னலே."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஒங்கப்பன் எழுதுனதுன்னா? அவரு மவனே தெரியாதுங்கான், வேம்பார்க்காரனுக்கு என்ன தெரியும்?"

பேச்சிராஜா பீடிச் சாம்பலைத் தட்டினான்.

"இங்க பாரு. குக் போனா நீ சமைப்ப. நீ போன மாசம் வச்ச மீன் குழம்ப இன்னும் எங்குடலு மறக்கல. நீ போனா குக் இருப்பான், எனக்கு நேரத்துக்குச் சோறு வரும். நான் பாத்தது அம்புட்டுதான். நீயா ஒண்ணும் நெனச்சிக்கிடாத."

"ஒங்களுக்கு இறங்கணும்னு இல்லியாண்ணே?"

"எனக்கு ஆதாரம் இல்லியே. தவிலுக்கு எவன் கையெழுத்துப் போட்டான்?" பேச்சிராஜா புகையை விட்டான். "போலே. பொண்டாட்டிய வழியனுப்பிட்டு வீட்டுல தனியா ஒக்காரு. அதுவும் ஒரு கப்பல்தான்."

ஐந்து மணிக்கு அமலன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது குக் கதவைத் தட்டினார். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன.

"அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடு. முதல் பாட்டு அதுதான் என்றால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்."

"இப்பவா?"

"நாளைக்கு நீ இருக்க மாட்டாயே."

அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அமலன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான், குக் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார், பொருள் கேட்டார். அக்கரை என்றால்? அந்தப் பக்கத்துக் கரை. சேர்க்கும் என்றால்? கொண்டுபோய் விடும். இரண்டாம் சரணத்தில் ஒரு வரி உண்டு: 'இரும்புக் கைகள் தூக்கும் சுமையை இறக்கி வைப்பவரே.' கிரேன் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் அப்படி ஒரு வரி தோன்றும். கோயிலில் அது சிலுவையைக் குறிக்கிறது என்று பிரசங்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

"இரும்புக் கைகள் யாருடையவை?" என்று குக் கேட்டார்.

அமலன் பையின் ஜிப்பை இழுத்தான். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"கடவுளுடையவை" என்றான்.

குக் எழுதிக்கொண்டார். பிறகு முதலிலிருந்து பாடிப் பார்த்தார். உச்சரிப்பு கோணல், மெட்டு ஒரு இடத்திலும் பிசகவில்லை. அமலனுக்கு அறையை விட்டு எழுந்து போகவேண்டும் போலிருந்தது. அவர் முழங்கால் வழியை மறித்திருந்தது. நாலு முறை பாடினார். நாலு முறையும் அவன் கேட்டான்.

"கேப்டனிடம் ஒன்று கேட்டேன்" என்றார் குக், நோட்டை மூடியபடி. "அடுத்து இறங்குவது நான் என்று லாகில் எழுதச் சொன்னேன். இனிமேல் அந்தப் புத்தகத்தில் எந்த வாக்கும் எழுத மாட்டேன் என்கிறார்."

"அடுத்தது நீங்கதான். எல்லாருக்கும் தெரியும்."

"இந்த முறையும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது" என்றார். அதில் குத்தல் இல்லை. சோற்றில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் படகு பத்து மணிக்கு வரவில்லை, பத்தேமுக்காலுக்கு வந்தது. ஏஜென்ட் ஆபீஸ் ஆள் ஜெயகணேஷ் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான். கப்பல் இறக்காத சரக்கோடு தண்ணீரில் தாழ்ந்து கிடந்ததால் ஏணி நாலே படிதான் தொங்கியது. கேப்டன் கை கொடுத்தார். இன்ஜினியர் வரவில்லை. பேச்சிராஜா பையை வாங்கிப் படகுக்குள் எறிந்தான். குக் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார், சூடாக இருந்தது.

அமலன் ஏணியில் கால் வைத்தான். அங்கே ஒரு நொடி நின்றான். இப்போது சொன்னால் ஆகுமா என்று பார்த்தான். சொன்னால் கேப்டன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார், ஒரு கோடு போடுவார், பக்கத்தில் கையெழுத்து வாங்குவார். குக் ஐந்து நிமிடத்தில் பை கட்டிவிடுவார். எவ்வளவு சுலபம்.

"அண்ணாச்சி, இறங்குங்க, படகு இடிக்கி" என்றான் ஜெயகணேஷ் கீழிருந்து.

அவன் இறங்கினான்.

படகு கிளம்பவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று ஜெயகணேஷ் ஒரு படிவத்தை எடுத்தான். "ஏணியத் தூக்கணும், எல்லாரும் உள்ள போவணும், கதவு பூட்டுனத நான் பாத்து நேரம் எழுதணும். வேற ஒரு கப்பல்ல ஒருத்தன் படகுல குதிச்சிட்டான்லா, அதுலருந்து இந்தச் சட்டம்."

"மத்தவங்களுக்கு எப்ப?"

"எதுக்கு?"

"இறங்கறதுக்கு."

"அவங்க எங்கன இறங்க? நாலு பேர் இருந்தே ஆவணும்லா. இதுக்குக் கீழ கொறைக்க மாட்டாங்க. கேஸ் முடியணும்."

"எப்ப முடியும்?"

"அத என்கிட்டக் கேக்கிய" என்று ஜெயகணேஷ் சிரித்தான். "ஒங்க நல்ல நேரம், கடைசி ஆளு நீங்கதான்."

மேலே பேச்சிராஜா ஏணியை இழுத்துப் பக்கச்சுவரோடு சேர்த்துக் கட்டினான். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முதலில் உள்ளே போனார். பேச்சிராஜா பீடியைக் கடலில் எறிந்து அவருக்குப் பின்னால் போனான். குக் மட்டும் கம்பியருகே நின்றார். அமலன் அண்ணாந்து பார்த்தான், கூப்பிட வாயைத் திறந்தான். குக்கின் பார்வை அவன்மேல் இல்லை. அவனுக்குப் பின்னால் தெரிந்த கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குக், உள்ளே" என்று கேப்டனின் குரல் கேட்டது.

குக் திரும்பினார். வாசலின் உயரப் படியைத் தாண்ட அவர் காலைத் தூக்கியபோது ரப்பர் செருப்பின் தேய்ந்த அடிப்பக்கம் தெரிந்தது. இரும்புக் கதவு அவருக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. ஜெயகணேஷ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். உள்ளே யாரோ கைப்பிடியை முழுச் சுற்று இறுக்கினார்கள். பிறகு பூட்டு விழுந்தது.